வாத்து நொண்டினால், தள்ளாடினால், எழ மறுத்தால்: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் வீட்டில் வளரும் வாத்துகளின் கால் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கும்: தரை, தீவனம், தேங்கிய தண்ணீர். மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள். கழுத்து தொய்ந்தாலோ, தலை பின்னால் வளைந்தாலோ மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அந்தப் பகுதிகள் கீழே தனியாக உள்ளன. நேராக அங்கே போய்விடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

வாத்தை மற்றவற்றிடமிருந்து பிரித்து நிழலில் விடுங்கள். தூக்கும்போது காலையோ இறக்கையையோ பிடிக்கக் கூடாது. இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, அடிவயிற்றின் கீழே கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். வாத்தின் கால் கோழியுடையதைவிட எளிதில் அடிபடும். காலைப் பிடித்துத் தூக்கியதாலேயே நொண்டியான வாத்துகள் நிறைய உண்டு.

பிறகு இந்த வரிசையில் பாருங்கள்:

1. வழுக்காத தரையில் விட்டு, பின்னாலிருந்து நடையைக் கவனியுங்கள். ஒரு காலா, இரண்டு காலுமா?
2. பாதத்தைக் கழுவி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கழுவாமல் பார்த்தால் சேறுக்கும் புண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.
3. காலின் நடுவே பின்பக்கமாக மடங்கும் முட்டியை இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் தொடுங்கள். ஒன்று சூடாகவோ பெரிதாகவோ இருக்கிறதா?
4. விரலிடைச் சவ்வை மெல்லக் கிள்ளுங்கள். காலை இழுத்துக்கொண்டால் உணர்ச்சி இருக்கிறது. இழுக்காவிட்டால் நரம்பு, விஷம், முதுகில் அடி ஆகிய மூன்றில் ஒன்று.
5. கழுத்து நிமிர்ந்து நிற்கிறதா? கண்ணைத் தொடப்போனால் இமைக்கிறதா?
6. எச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். அடர் பச்சையாக, தண்ணீராகப் போனால் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதையும் இனத்தையும் கணக்கில் வையுங்கள். இந்தியன் ரன்னர் வாத்து நிமிர்ந்து நடப்பது அதன் இயல்பு, அது நோயல்ல. வெள்ளை பெக்கினும் மணிலா ஆண் வாத்தும் கனத்த உடம்புக்காரர்கள். மேய்ச்சல் மந்தையில் வளர்ந்த நாட்டு வாத்துக்கு ஒன்றும் செய்யாத சிமெண்ட் தரை, பெக்கினின் பாதத்தைச் சில மாதங்களில் கெடுத்துவிடும்.

## குஞ்சு: கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து சரிகின்றன

பொரித்த முதல் சில நாட்களில் வரும். காரணம் பெரும்பாலும் தரைதான். அட்டைப்பெட்டிக்குள் விரித்த செய்தித்தாள், டைல்ஸ், கடப்பாக் கல், பிளாஸ்டிக் அன்னக்கூடையின் அடிப்பக்கம் எல்லாமே வழுக்கும்.

முதல் வேலையாக விரிப்பை மாற்றுங்கள். சாக்குத் துணியோ சொரசொரப்பான ரப்பர் மேட்டோ போதும். நூல் வளையம் தூக்கிக்கொண்டிருக்கும் டர்க்கி டவல் வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும்.

மாற்றியும் அதே நாளில் நிற்காவிட்டால் கால்களை இணைத்துக் கட்டலாம். ஒட்டும் கட்டுத்துணியை (தனக்குத்தானே ஒட்டி, இறகில் ஒட்டாத வகை) மெல்லிய பட்டையாக வெட்டி, முட்டிக்குக் கீழே இரண்டு காலையும் எட்டு வடிவில் சுற்றுங்கள். நடுவே இடைவெளி ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை, அதாவது குஞ்சு ஒழுங்காக நின்றால் கால்கள் எவ்வளவு தள்ளி இருக்குமோ அவ்வளவு. தினமும் அவிழ்த்துப் பாருங்கள். விரல் வீங்கினாலோ நீலம் பாரித்தாலோ கட்டு இறுக்கம். கட்டியிருக்கும்போது தண்ணீரில் விடாதீர்கள், மூழ்கிவிடும். குடிக்கும் தண்ணீரும் மூக்குத் துவாரம் முங்கும் ஆழத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

முதல் வாரத்திற்குள் கட்டினால் மூன்று முதல் ஏழு நாளில் நேராகும். இரண்டு மூன்று வாரம் தாண்டிய குஞ்சுக்கு எலும்பு அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். அப்போது கட்டிப் பயனில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

## குஞ்சு: முட்டி வீங்கி, கால் வில்லாக வளைந்து, பத்தடி நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறது

முதல் வாரம் தாண்டியதிலிருந்து இரண்டரை மாதம் வரை எப்போதும் வரலாம். இரண்டு காலிலும் இருந்தால், பசி நன்றாக இருந்தால், முதல் சந்தேகம் நியாசின் குறைவு. இது பி3 வைட்டமின். வாத்துக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் தேவை, கோழிக் குஞ்சுக்கு இதைவிடக் குறைவே போதும். நம் ஊர்க் கடைகளில் வாத்துக்கென்று தனித் தீவனம் அரிது. கோழி ஸ்டார்ட்டரை (கோழிக் குஞ்சுத் தீவனத்தை) தருகிறோம், அல்லது இன்னும் மோசமாக சாதமும் பிரெட்டும் இட்லியும் போட்டு வளர்க்கிறோம். தீட்டிய அரிசிச் சோற்றில் நியாசின் மிகக் குறைவு.

முதலில் தீவனம். சோறு, பிரெட், பிஸ்கட் அத்தனையையும் நிறுத்துங்கள். முதல் மூன்று வாரம் 20 முதல் 22 சதவீதம் புரதமுள்ள கோழி ஸ்டார்ட்டர், அதன்பின் 16 முதல் 18 சதவீதம். காக்சிடியா (குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி) மருந்து கலக்காத மூட்டையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த மருந்துகளில் ஒரு வகை, அளவு மீறினால் தசையைத் தளர்த்தும், நீங்கள் தேடும் அறிகுறியையே உண்டாக்கும். பிராய்லர் தீவனத்தை வாரக்கணக்கில் தராதீர்கள். உடம்பு ஏறும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது.

அடுத்து நியாசின். இரண்டு வழி உண்டு.

ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பவுடர் கிடைத்தால் ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. தீவனத்தைத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுத்தால்தான் பவுடர் ஒட்டும். காய்ந்த தீவனத்தில் தூவினால் தட்டின் அடியில் தங்கிவிடும். கேக் கடையில் விற்கும் பேக்கிங் ஈஸ்ட் இதற்கு மாற்றல்ல. அது உயிருள்ளது, வயிற்றில் புளிக்கும்.

கிடைக்காவிட்டால் மெடிக்கலில் பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல் வாங்குங்கள். அட்டையில் நிகோடினமைடு (நியாசினின் ஒரு வடிவம்) எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். 100 மில்லிகிராம் உள்ளது நல்லது, 45 உள்ளவையும் உண்டு, அதற்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டுங்கள். துத்தநாகம், இரும்பு சேர்த்தவற்றைத் தவிருங்கள். கால் வளைந்த குஞ்சுக்கு, 100 மில்லிகிராம் கேப்சூலைப் பிரித்து ஒரு லிட்டர் குடிநீரில் கலக்குங்கள். நலமாக இருக்கும் மற்ற குஞ்சுகளுக்குத் தடுப்பாக மூன்று நான்கு லிட்டருக்கு ஒரு கேப்சூல். தண்ணீர் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். தினமும் புதிதாகக் கலக்கி நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் வைட்டமின் சிதையும். வேறு தண்ணீர் அருகில் இருந்தால் அதைக் குடித்துவிட்டு இதைத் தொடாது, ஆகவே இது மட்டும் இருக்கட்டும்.

கூடவே தோல் நசுக்கிய பச்சைப் பட்டாணி, முள் நீக்கி வேகவைத்த மீன் துணுக்கு தரலாம். கருவாடு வேண்டாம். உப்பு ஏறினால் வாத்து அதனாலேயே தள்ளாடும்.

இரண்டு மூன்று நாளில் எழுந்து நிற்கும் நேரம் கூட வேண்டும். கூடினால் குஞ்சுக்குப் பத்து வாரம் ஆகும்வரை தொடருங்கள். சரியாகிவிட்டது என்று பாதியில் விட்டால் திரும்பும். ஐந்து நாளாகியும் மாற்றமே இல்லையென்றால் நியாசின் மட்டும் காரணமல்ல. மருத்துவரிடம் போங்கள்.

ஒரு கால் மட்டும் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டு, முட்டி தட்டையாகத் தெரிகிறதா? அது தசைநாண் விலகல். முட்டியின் பின்புறம் ஒரு பள்ளத்தில் கயிறு போல ஓடும் தசைநாண் பக்கவாட்டில் நழுவியிருக்கும். விரலால் தடவினால் நல்ல காலில் நடுவே தெரியும் கயிறு, இந்தக் காலில் ஓரத்தில் இருக்கும். மாங்கனீசு, கோலின், பயோட்டின் குறைவால் வருவது, அடியாலும் வரும். ஒரு நாளுக்குள் மருத்துவர் உள்ளே தள்ளிக் கட்டினால் நிற்க வாய்ப்பு உண்டு. வாரம் கழித்து வந்தால் பெரும்பாலும் பிழைக்காத கால். நியாசின் கொடுத்துப் பார்த்துக் காத்திருக்கும் கேஸ் இதுவல்ல.

## பெரிய வாத்து: ஒரு காலை ஊன்றாமல் நொண்டுகிறது

பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கு. மொட்டை மாடியிலும் சிமெண்ட் முற்றத்திலும் வளரும் வாத்துகளுக்கு இது வழக்கமான விருந்தாளி. சொரசொரத் தரை பாதத்தைத் தேய்க்கும், எச்சமும் ஈரமும் கிருமியை உள்ளே ஏற்றும், வட்டமான கறுப்புப் பொருக்கு விழும், அதன் கீழே கெட்டிச் சீழ் சேரும்.

பொருக்கு சிறிதாக, வீக்கம் இல்லாமல் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு கலக்கி, பாதத்தை மட்டும் 15 முதல் 20 நிமிடம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், பேதியாகும். துடைத்து, போவிடோன் அயோடின் கரைசலை வெளிர் டீ நிறத்துக்கு நீர்த்துத் தடவி, காஸ் துணி வைத்து ஒட்டும் கட்டுத்துணியால் கட்டுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பு எதையும் பூசாதீர்கள். தினம் ஒருமுறை கட்டு மாற்றுங்கள். கட்டு இருக்கும்வரை நீச்சல் இல்லை.

தரையை மாற்றாமல் இதைச் செய்வது வீண். நான்கு அங்குல உமியோ வைக்கோலோ, ஈரமானதும் அள்ளி மாற்றும் பழக்கமும் வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எப்போதும் சொதசொதவென்றே இருக்கும். தொட்டியைக் கம்பித் தட்டின் மேலோ கூழாங்கல் குவியலின் மேலோ வைத்தால் சிந்துவது கீழே இறங்கிவிடும். கூழாங்கல் உருண்டையாக இருக்க வேண்டும். கட்டட ஜல்லி பாதத்தைக் கிழிக்கும்.

பாதத்தின் மேற்பக்கம் வரை வீங்கினாலோ, விரல்கள் உருண்டையாக உப்பினாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவர்தான். பிளேடு வைத்துப் பொருக்கைத் தோண்டும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். ரத்தம் கொட்டும், கிருமி தசைநாணுக்கும் எலும்புக்கும் இறங்கும்.

பாதம் சுத்தமாக இருக்கிறது. விரல்களுக்கிடையே நூல், தலைமுடி, மீன்பிடி நரம்பு, மாஞ்சா நூல் சுற்றியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய நூல் தோலுக்குள் அமிழ்ந்திருக்கும், வீக்கம் மட்டும் தெரியும். தோலுக்குள் போய்விட்டால் நீங்களே இழுக்க வேண்டாம்.

புதிதாக வாங்கிய வாத்து. பொய்கை செவ்வாய்ச் சந்தையிலோ மேய்ச்சல்காரரிடமோ வாங்கி, கால்களைச் சேர்த்துக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்திருந்தால், சுளுக்கு அங்கேயே தொடங்கியிருக்கும். உடைவு இல்லையென்றால் ஓய்வே மருந்து. மூன்றடிக்கு மூன்றடி அடைப்பில், வைக்கோல் மெத்தையில் பத்து நாள். நான்காம் நாளிலிருந்து வயிறு மிதக்கும் அளவு தண்ணீரில் தினம் பத்து நிமிடம் விடலாம். உடல் பாரம் காலில் விழாமல் கால் அசையும். பாதி நொண்டி குறைந்ததும் அவிழ்த்துவிடும் ஆசையை அடக்குங்கள். இரண்டாம் சுளுக்கு முதலாவதைவிட நாளெடுக்கும்.

கால் தொங்குகிறது, கோணம் மாறியிருக்கிறது, தொட்டால் உள்ளே நறநறக்கிறது. எலும்பு முறிவு. சப்பணமிட்டாற்போல் காலை மடக்கி, துணி சுற்றி உடலோடு அசையாமல் வைத்து அன்றே கொண்டுபோங்கள். தோலைக் கிழித்து எலும்பு தெரிந்தால் இன்னும் அவசரம்.

முட்டியோ மூட்டோ சூடாக வீங்கி, வாத்து சாப்பிடவும் மறுக்கிறது. மூட்டுத் தொற்று. ஆன்டிபயாடிக் வேண்டும், எது, எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. கோழிப் பண்ணைக்கு விற்கும் மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள். வளரும் வாத்தின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கும் வகைகள் அதில் உண்டு. முட்டையைச் சாப்பிடுபவர்கள் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்கு வீட்டிலிருக்கும் மாத்திரைகளைப் பொடித்துத் தருவதும் கூடாது. டைக்ளோஃபெனாக் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொத்தாகக் கொன்ற மருந்து. கால்நடைக்குத் தருவதை இந்தியாவில் 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். வாத்திலும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

## பெட்டை: கால் அகட்டி, வால் தாழ்த்தி, முக்குகிறது, எழத் தடுமாறுகிறது

முட்டை வழியில் அடைத்திருக்கலாம். உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்தி நொண்டியாக்கும். நேற்றுவரை முட்டையிட்டு இன்று நின்றிருந்தால் சந்தேகம் கூடும்.

அடிவயிறு முங்க வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் உட்கார வையுங்கள், பிறகு இருட்டான, அமைதியான மூலையில் விடுங்கள். வயிற்றை அமுக்கி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அன்று மாலைக்குள் வராவிட்டால் மருத்துவர்.

முக்கவில்லை, ஆனால் நாள்தோறும் முட்டையிட்டு வந்த பெட்டை மெல்லத் தளர்கிறது, முட்டை ஓடு தோலாக விழுகிறது என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள், வேண்டிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். தீவனத்தில் கலந்தால் ஆணும் குஞ்சும் தேவையில்லாமல் தின்னும்.

முதுகில் இறகு உதிர்ந்து நொண்டும் பெட்டைக்கு, காரணம் கூட இருக்கும் ஆண் வாத்து. ஒரு ஆணுக்கு நான்கு முதல் ஆறு பெட்டை இருக்க வேண்டும். ஒரு ஜோடியாக வளர்க்கும் வீடுகளில் இந்தப் பிரச்சினை ஓயாது. பிரித்து வையுங்கள்.

## இரண்டு காலும் சேர்ந்து தளர்கின்றன. வாத்து விழுந்து எழ முடியவில்லை

இங்கே நேரம் முக்கியம். கழுத்தைப் பாருங்கள்.

வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது, இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வெயில். கத்தரி நாட்களில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், பாறைக் குன்றுகள் இரவிலும் வெப்பத்தைக் கக்கும். நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாதங்களைக் குழாய்த் தண்ணீரில் வையுங்கள், தலையை நனையுங்கள். ஐஸ் வேண்டாம். மாடியிலுள்ள கறுப்பு டேங்க் தண்ணீரையும் நேராக ஊற்றாதீர்கள். மதியம் அது கையைச் சுடும். கையில் தொட்டுப் பார்த்து, தரைத்தொட்டி நீரோ மண்பானை நீரோ எடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலந்து அரை நாளுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்தில் எழாவிட்டால் மருத்துவர்.

கால் முதலில், பிறகு இறக்கை, பிறகு இமை, கடைசியில் கழுத்து துணிபோல் தொய்கிறது. உடம்பு விறைக்கவில்லை. இது பொட்டுலிசம் என்ற நஞ்சு. வெயிலில் வற்றிச் சேறாகும் ஏரி ஓரம், தேங்கிய குட்டை, செத்த மீன், அழுகிய கோழிக் கழிவு, அதில் நெளியும் புழு ஆகியவற்றிலிருந்து வருகிறது. செத்த உடலில் நஞ்சு உருவாகும், புழு அதைச் சேர்த்து வைக்கும், வாத்து புழுவைத் தின்னும். ஒரு சில புழுக்களே போதும். உண்ட பிறகு அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் தெரியும்.

உடனே தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். தொய்ந்த கழுத்தோடு இரண்டு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். தலையைச் சுருட்டிய துணியின் மேல் உயர்த்தி வையுங்கள். விழுங்கும் சக்தி இருக்கிறதா என்று அலகு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விழுங்கினால் மட்டும் சிறுகச் சிறுக நல்ல தண்ணீர், விழுங்காவிட்டால் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். இமைக்க முடியாத கண்ணைச் சுத்தமான ஈரத்துணியால் துடையுங்கள். மருத்துவரிடம் குழாய் வழியாகத் தண்ணீரும், நஞ்சை உறிஞ்சும் கரிப்பொடியும் கொடுக்க வசதி உண்டு. லேசான கேஸ்கள் கவனிப்பில் சில நாளில் எழுந்துவிடும். கழுத்து முழுக்கத் தொய்ந்தவை பிழைப்பது கடினம்.

மற்ற வாத்துகளை அந்தத் தண்ணீருக்கு விடாதீர்கள். செத்தவற்றை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். ஏரியில் எறிந்தால் அடுத்த சுற்றுக்கு விதை போட்ட மாதிரி.

எச்சில் ஒழுகுகிறது, நடுங்குகிறது, கண்மணி சுருங்கியிருக்கிறது. மருந்தடித்த வயலிலோ வாய்க்காலிலோ மேய்ந்திருக்கும். நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் அடிக்கும் பூச்சிமருந்து நரம்பைத் தாக்கும். மருந்து டப்பா கிடைத்தால் அதன் படத்தோடு அந்த நிமிடமே கிளம்புங்கள். நஞ்சை முறிக்கும் ஊசி மருத்துவரிடம் உண்டு, வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. தோல் பதனிடும் கழிவு கலக்கும் ஓடைகளிலும் வாத்தை விடாதீர்கள்.

நாள்கணக்கில் மெல்லத் தளர்ந்து, மெலிந்து, எச்சம் அடர் பச்சையாகப் போகிறது. உலோகம் விழுங்கியிருக்கலாம். மீன்பிடி ஈயக்குண்டு, வீடு கட்டும் இடத்துக் கட்டுக்கம்பித் துண்டு, துத்தநாகம் பூசிய வலையின் வெட்டுநுனி, பழைய பேட்டரித் துணுக்கு, நாணயம் என்று பளபளப்பதையெல்லாம் வாத்து எடுக்கும். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். ஈயம் உறுதியானால் அதை ரத்தத்திலிருந்து வெளியேற்றும் ஊசி பல நாள் போட வேண்டியிருக்கும், செலவு கூடிய சிகிச்சை இதுதான்.

## தலை திருகுகிறது, வட்டமடிக்கிறது, கழுத்து பின்னால் வளைந்து விறைக்கிறது

ஒரே வாத்து, கழுத்து ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது. அடி, காதில் தொற்று, ஈ வைட்டமின் குறைவு ஆகிய மூன்றும் இப்படித் தெரியும். காதுத் துளையைச் சுற்றி இறகு நனைந்து நாற்றம் வந்தால் தொற்று. ஈ வைட்டமின் 400 கேப்சூலை ஊசியால் குத்தித் தீவனத்தில் பிழிந்து நாளுக்கு ஒன்று கொடுக்கலாம். மூன்று நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் தொடராதீர்கள்.

குஞ்சு அல்லது வாத்து தள்ளாடி, வலிப்பு வந்து, தலை முதுகைத் தொடுகிறது. தீவனத்தில் புண்ணாக்கோ பூஞ்சை பிடித்த தானியமோ இருந்தது. அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. நம் பக்கம் செக்கும் வேர்க்கடலையும் அதிகம், புண்ணாக்கு மலிவு, அதனால் வாத்துக்கும் போடும் பழக்கம் இருக்கிறது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு பூஞ்சை நஞ்சு வாத்துக் குஞ்சைக் கொன்றுவிடும், வளர்ப்புப் பறவைகளில் இதற்கு மிக எளிதில் பலியாவது வாத்துதான். கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. வாத்துக்கு வேர்க்கடலைப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. மழைக்காலத்தில் திறந்த மூட்டையை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கட்டி தட்டியிருந்தாலோ புழுங்கல் நாற்றம் வந்தாலோ மூட்டையோடு புதையுங்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

ஆறு வாரத்துக்குட்பட்ட குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக, காலை உதைத்து, தலை பின்னால் வளைந்து சில மணி நேரத்தில் சாகின்றன. வைரஸ் கல்லீரல் நோய். பெரிய வாத்துகள் வெளிச்சம் பட்டால் கண் மூடி, தள்ளாடி, பச்சைப் பேதியோடு கூட்டமாகச் சாகின்றன. வாத்துப் பிளேக். பிந்தையதற்குத் தடுப்பூசி உண்டு, எட்டு வாரம் தாண்டிய வாத்துகளுக்குப் போடுவார்கள். நோய் வந்தபின் மருந்து இல்லை. பறவைக் காய்ச்சலும் இப்படியே தலை திருகலோடு வரலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தால் அறுக்காதீர்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விற்காதீர்கள். கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தெரிவியுங்கள்.

## மருத்துவரிடம் போகும்போது

1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். வேலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் உண்டு, தீவனக் கேள்விகளுக்கு அங்கே ஆள் கிடைப்பார்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடையில் சாக்கு விரித்து, அதிகாலையிலோ மாலையிலோ கிளம்புங்கள். தீவனப் பையின் படம், அன்றைய எச்சம் ஒரு கவரில், கொடுத்த மருந்துகளின் அட்டை, வாத்தின் எடை நான்கும் கையில் இருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடியும். எடைக்கு வாத்தைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். "எப்போதிலிருந்து" என்ற கேள்விக்கு நாள் சொல்லுங்கள், "கொஞ்ச நாளாகவே" என்றால் மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடாது.

## எழ முடியாத வாத்தைப் படுக்கையில் வைத்திருக்கும் நாட்களில்

நோய் தீர்வதற்குள் படுக்கைப் புண் கொன்றுவிடக் கூடாது. நெஞ்செலும்பின் மேல் தோல் சிவந்து உரிவதுதான் முதல் அடையாளம், தினமும் இறகை விலக்கிப் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். எச்சம் ஒட்டிய இறகைக் கழுவி உலர்த்துங்கள், கோடையில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைக்கும்.

கழுத்து உறுதியாக இருக்கும் வாத்துக்குத் தூளி கட்டலாம். அகலமான பிளாஸ்டிக் பெட்டியின் இரண்டு ஓரங்களில் பருத்தித் துணியை இறுக்கிக் கட்டி, கால்களுக்கு இரண்டு துளையும் எச்சத்துக்குப் பின்னால் ஒரு துளையும் வெட்டுங்கள். பாதம் தரையை லேசாகத் தொடும் உயரம் சரி. முழுதாக ஊன்றினால் தூளியின் பயன் போச்சு, தொங்கினால் கால் மரத்துப்போகும். ஒரு வேளைக்கு அரை மணி நேரம், நாளுக்கு மூன்று வேளை. தீவனத்தையும் தண்ணீரையும் நெஞ்சு உயரத்தில் முன்னால் வையுங்கள். வாத்து தண்ணீர் இல்லாமல் காய்ந்த தீவனத்தை விழுங்கத் திணறும், ஆகவே இரண்டும் ஒரே எட்டில் இருக்க வேண்டும். கூட்டாளி வாத்து ஒன்றைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் விட்டால் சாப்பாடு நன்றாக இறங்கும்.